தண்ணீருக்கும் தீக்கும் ஒரு பங்கு

கூரம் என்றவுடன் வரலாறு பயில்வோர்க்கு முதலாம் பரமேசுவரவர்மனின் செப்பேடு நினைவிற்கு வரும். வைணவ அன்பர்க்குக் கூரத்தாழ்வார் நினைவிற்கு வருவார். ஏழாம் நூற்றாண்டின் பிற்பகுதியைச் சேர்ந்த அச்செப்பேட்டில் அனைவரும் எடுத்தாளும் பகுதி ஒன்றுண்டு. கூரத்து மண்டபத்தில் பாரதம் வாசிப்பதற்கென ஒரு பங்கு ஒதுக்கப்பட்ட செய்தியே அது. தமிழகத்தில் இதிகாசம் மக்கள் செவிக்கு எட்டிய வரலாற்றை எழுதுவோர் இவ்விடத்தில் தவறாது நின்று செல்வர். ஆனால் அதற்கு நேர் முன்னதாக, அதே மண்டபத்திற்குத் தண்ணீருக்கும் தீக்கும் என்று மற்றொரு பங்கு சொல்லப்படுகிறது. அங்கே நிற்பவர் குறைவு. வாசித்தவரைக் கொண்டாடும் நாம், அவர் வாசிக்க விளக்கேற்றியவரையும் கேட்டவர் தாகம் தீர்த்தவரையும் கடந்து போய்விடுகிறோம். செப்பேட்டை எழுதியவர் கடந்து போகவில்லை. தண்ணீரும் தீயும் தானே வருவன அல்ல, அவற்றைத் தருவதற்கு ஓர் ஆள் வேண்டும், அவ்வாளுக்கு ஒரு பங்கு வேண்டும் என்பதை அவர் அறிந்திருந்தார்.

இச்செய்தியை வகுப்பில் சொல்லும்போதெல்லாம் எனக்கு என் தாய்வழிப் பாட்டனாரின் நினைவு வரும். தண்ணீரையும் தீயையும் காப்பதே அவருக்குத் தொழில். கோயில் மண்டபத்தில் அன்று, நீராவி எந்திரத்தில். கூரத்தில் பிறந்து, விழுப்புரம் ஷெட்டில் கிளீனராகச் சேர்ந்து, ஃபயர்மேனாகப் பல்லாண்டு கரி அள்ளிப் போட்டு, டிரைவராக ஓய்வு பெற்றவர். இரயில்வே வரலாறு என்றால் பாதை திறந்த நாளும் பாலம் கட்டிய பொறியாளரும் அடிக்கல் நாட்டிய ஆளுநரும் என்றே நாம் படித்து வந்திருக்கிறோம். அவ்வண்டிகளை நகர்த்திய தீயின் வரலாற்றை, என் பாட்டனாரிடம் கேட்டறிந்ததையும் நூல்களில் கற்றதையும் சேர்த்து, இம்மலரில் ஓரளவேனும் பதிவு செய்ய விரும்புகிறேன்.

நம் பகுதி இருப்புப்பாதை வரலாற்றில் முந்தியது. 1856 சூலை 1-ஆம் நாள் இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை தென்னிந்தியாவின் முதல் பயணியர் இரயில் ஓடிற்று. அதன்பின் ஒன்பது ஆண்டுகளே கழிந்த நிலையில், 1865-இல், அரக்கோணத்திலிருந்து காஞ்சிபுரத்திற்கு ஏறத்தாழ 19 மைல் நீளமுள்ள சிறுபாதையை இந்தியன் டிராம்வே கம்பெனி திறந்தது. மூன்றரை அடி அகலமே கொண்ட அப்பாதை பின்னர் மீட்டர் அகலத்திற்கு மாற்றப்பட்டுத் தென்னிந்திய இரயில்வேயின் உடைமையாகிச் செங்கற்பட்டோடு இணைந்தது. நெசவும் நெல்லும் கோயிலுமாக இருந்த காஞ்சிக்கு அடுப்பைத் தன் வயிற்றில் சுமந்துகொண்டு ஓடும் வண்டி வந்து சேர்ந்தது அப்போதுதான்.

அதற்கு நம் மக்கள் இட்ட பெயர் புகைவண்டி. ஈழத்தில் இன்றும் புகையிரதம் என்றே வழங்குகின்றனர். மின்சாரமும் டீசலும் வந்த பின்னரும் அப்பெயர் மறையவில்லை. அழகான பெயர்தான். ஆயினும் என் பாட்டனாருக்கு அப்பெயர் மீது ஒரு மனத்தாங்கல் இருந்தது. "புகை வந்தா ஃபயர்மேன் சரியில்லன்னு அர்த்தம். எங்க தப்பையே வண்டிக்குப் பேரா வச்சுட்டாங்கம்மா" என்பார். வேடிக்கையாகச் சொன்னதன்று. கரும்புகை என்பது எரியாத கரி. கொதிகலனுக்குச் சேர வேண்டிய வெப்பம் வானத்திற்குப் போவது. இங்கிலாந்தில் 1845-ஆம் ஆண்டின் சட்டம், இரயில் எந்திரம் தன் புகையைத் தானே எரித்துக்கொள்ளும் வகையில் அமைய வேண்டும் என்றே விதித்தது. அதற்காகத் தொடக்கக் காலத்தில் நிலக்கரியை விட்டுப் புகை குறைந்த கல்கரியை எரித்தனர். 1859-ஆம் ஆண்டை ஒட்டி எரிபெட்டிக்குள் செங்கல் வளைவு ஒன்றை அமைக்கும் முறை மிட்லண்டு இரயில்வேயில் செம்மையுற்ற பிறகே பச்சை நிலக்கரியைப் புகையின்றி எரிக்க வழி பிறந்தது. எரியும் வாயு நேரே குழாய்களுக்குள் ஓடிவிடாமல், அவ்வளைவைச் சுற்றிக்கொண்டு காற்றோடு கலந்து முற்றாக எரியும்.

எந்திரத்தின் உள்ளமைப்பை நான் முதலில் புரிந்துகொண்டது எங்கள் வீட்டு மண்ணடுப்பின் முன்னால்தான். சவுக்குக் குச்சிகளைச் செருகிவிட்டுப் பாட்டி ஊதுகுழலால் ஊதிக்கொண்டிருப்பார். திண்ணையிலிருந்து பாட்டனார், "விறகை எடு, ஊதாதே" என்று குரல் கொடுப்பார். அடுப்பு புகைவது காற்றுக் குறைவால். காற்றுக் குறைவது விறகு மிகுந்து வழியை அடைப்பதால். எடுத்தால் தானே எரியும். இரயில் எந்திரத்தில் ஊதுகுழல் வேறு விதமாக அமைந்திருக்கிறது. எரிபெட்டியிலிருந்து கொதிகலனின் நீரூடே பல குழாய்கள் செல்கின்றன. வெப்ப வாயு அவற்றின் வழியே ஓடி முன்புறத்துப் புகைப்பெட்டியை அடைகிறது. உருளைகளில் வேலை செய்து முடித்த நீராவி, அப்புகைப்பெட்டியின் நடுவே உள்ள ஊதுகுழாய் வழியாகப் புகைபோக்கிக்குள் பாய்கிறது. அப்பாய்ச்சல் வாயுவையும் தன்னோடு இழுத்துச் செல்ல, அவ்வெற்றிடத்தை நிரப்ப அடியிலிருந்து புதுக்காற்று தணலின் ஊடே ஏறிவருகிறது. நம் காதில் 'சுக்கு சுக்கு' என்று கேட்டது அந்த மூச்சுத்தான். 1829-இல் இஸ்டீபன்சனின் 'ராக்கெட்' வென்றதற்கு இந்த ஊதுகுழாயும் பல குழாய்க் கொதிகலனும் பெருங்காரணங்கள். வண்டி எவ்வளவு வருந்தி இழுக்கிறதோ அவ்வளவு கடுமையாகத் தீ எரியும். வேலை நின்றால் மூச்சும் நிற்கும். தன் தேவையைத் தானே அறிந்து எரியும் அடுப்பு இது. எனினும், அதற்கு உணவிடுபவன் அத்தேவையை முன்கூட்டியே அறிய வேண்டும். அங்கேதான் கலை தொடங்குகிறது.

போட்ட கரி உடனே வெப்பம் தராது. முதலில் குளிரச் செய்யும், பிறகு வாயுவை வெளியிடும், பிறகே தணலாகும். எனவே ஏற்றம் வந்தபின் கரி போடுபவன் தோற்றான்; ஏற்றத்திற்கு முன்னரே தீயைத் திரட்டிவைத்திருக்க வேண்டும். நிலையம் நெருங்கும்போது தீ தணிந்துவர வேண்டும். இல்லையெனில் காப்பு வால்வு திறந்து நீராவி சீறிப் போகும். பயணியர் அதை எந்திரத்தின் பெருமிதம் என்று கண்டு மகிழ்வர். ஃபயர்மேனுக்கோ அது வீணாகிப்போன தன் வியர்வை. தண்டவாளத்தின் ஏற்ற இறக்கம், கைகாட்டிகளின் இடம், எந்த நிலையத்தில் எதிர்வண்டிக்காகக் காத்திருக்க நேரும் என்பது ஆகிய யாவும் அவர் நெஞ்சில் வரைபடமாக இருக்கும்.

கரியைக் கொட்டுவதன்று, விதைப்பது என்பார் பாட்டனார். உழவர் குடியில் பிறந்தவர் ஆதலின் அவ்வுவமை இயல்பாக வந்திருக்கலாம். ஒரே இடத்தில் குவித்தால் அங்கே காற்று நுழையாது. ஓரிடத்தில் தணல் மெலிந்தால் குளிர்காற்று ஓட்டை வழியே ஏறிக் குழாய்களைத் தாக்கும். மூலைகளிலும் கதவின் அடியிலும் சற்றுத் தடித்தும், நடுவிலும் முன்புறத்திலும் மெலிந்தும் தணற்படுகை அமைய வேண்டும். ஷவலைத் தணலின் மேலே கொண்டுபோய் மணிக்கட்டை ஒரு திருப்புத் திருப்பினால் கரி விசிறிபோல் பரவும். ஒரு தடவைக்குச் சில வாரல்களே. பிறகு கதவு மூடப்படும். புகைபோக்கியை நிமிர்ந்து பார்க்க வேண்டும். கன்னங்கரேலென்று எழுந்தால் கரி மிகுதி அல்லது காற்றுக் குறைவு. ஒன்றுமே தெரியாவிட்டாலும் மகிழ்ச்சிக்கு இடமில்லை. காற்று மிகுந்து தீ குளிர்கிறது என்று பொருள். மெல்லிய சாம்பல் நிறத்தில், இருக்கிறதா இல்லையா என்று ஐயுறும்படி புகை தோன்றினால் அதுவே பதம். அந்நிறம் தெளிந்து வரும் தறுவாயில் அடுத்த வாரல்.

தமிழில் தீக்கு எத்தனை சொற்கள்! தணல், கனல், கங்கு, அழல், சுடர், கொழுந்து. இவற்றை ஒருபொருட் பன்மொழியாகப் பட்டியலிட்டு மாணவர்க்கு மனப்பாடம் செய்விக்கிறோம். எரிபெட்டியின் கதவைத் திறந்து நின்றவருக்கு இவை வெவ்வேறு பொருள்கள். மங்கிய செந்நிறத் தணல் வேறு. கண் கூசும் வெண்மஞ்சள் கனல் வேறு. வெறுங்கண்ணால் நேரே பார்த்தால் ஒளியே தீயை மறைத்துவிடும். ஆகவே ஷவலைத் திருப்பி அதன் மேல் ஓடும் காற்றோட்டத்தால் சுடரை விலக்கிப் படுகையைக் காண்பர். தணற்பரப்பில் ஒரு கருந்திட்டு தெரிந்தால் அங்கே சாம்பல் உருகி இறுகிப் பாறைபோல் அடைத்திருக்கிறது. கிளிங்கர் எனப்படும் அப்பாறையை நீண்ட இரும்புக் கம்பியால் நெம்பி உடைக்க வேண்டும். இந்திய நிலக்கரியில் சாம்பல் மிகுதி. இங்குள்ள எந்திரங்களுக்கு அகன்ற எரிபெட்டி வேண்டியிருந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

தீயோடு நீரும் கணக்கில் உண்டு. எரிபெட்டியின் மேற்கூரை எப்போதும் நீரில் மூழ்கியிருக்க வேண்டும். நீர்மட்டம் தாழ்ந்தால் கூரைத் தகடு பழுத்து, உள்ளிருக்கும் அழுத்தம் அதைக் கிழித்துவிடும். அதற்குக் காவலாகக் கூரையில் ஈயம் அடைத்த திருகு ஒன்று உண்டு. ஈயம் உருகினால் நீராவி இறங்கித் தீயை அவிக்கத் தொடங்கும். வண்டி நடுவழியில் நிற்கும், விசாரணை வரும், ஆனால் உயிர் மிஞ்சும். நீரைச் செலுத்தும் இன்ஜெக்டரைத் திறந்தாலோ குளிர்ந்த நீர் புகுந்து அழுத்தம் இறங்கும். தீ வலுவாக இருக்கும்போது நீரை ஏற்றி, தீ மெலியும்போது நிறுத்தி, இரண்டையும் இரு கைகளில் வைத்துத் தூக்கிப் பார்த்துக்கொண்டே போக வேண்டும். செப்பேட்டில் தண்ணீரும் தீயும் ஒரே பங்காகச் சொல்லப்பட்டதை இவ்விடத்தில் நான் எண்ணிக்கொள்வதுண்டு. அங்கே பொருள் வேறு என்பதை அறிவேன், ஆயினும் எண்ணாமல் இருக்க இயலவில்லை.

அஞ்ச வேண்டிய கணம் ஒன்றுண்டு. வண்டி இழுத்துக்கொண்டிருக்கும்போது நீராவியைத் திடீரென நிறுத்தினால் முன்னே சொன்ன மூச்சு நின்றுபோகும். இழுப்பு இல்லாத சுடர் எரிபெட்டிக் கதவின் வழியே பின்னோக்கிப் பாய்ந்து நிற்பவரைத் தாக்கும். குகைப்பாதைக்குள் நுழையும்போதும் இவ்வாறு நேரலாம். இதைத் தடுக்கவே புளோயர் என்னும் தனி நீராவித் தாரை உண்டு; அதைத் திறந்துவிட்ட பிறகே நீராவியை மூட வேண்டும். டிரைவருக்கும் ஃபயர்மேனுக்கும் இடையே ஒரு தலையசைப்பு போதும். அது தவறினால் முகம் கருகும். பாட்டனாரின் இடக்கை முன்புறம் மயிர் முளைக்காத வழவழப்பான தோலாக இருந்தது. எப்போது நேர்ந்தது என்று கேட்டால், "கத்துக்கிட்ட காலத்துல" என்பதோடு நிறுத்திக்கொள்வார்.

இத்தீ எதை உண்டது என்பதும் நம் மாவட்ட வரலாற்றின் ஒரு கிளைதான். சென்னை மாகாணத்து எந்திரங்கள் முதல் சில பத்தாண்டுகளில் பெரிதும் விறகையே எரித்தன. நிலக்கரி கப்பலில் வர வேண்டியிருந்தது; விலை மிகுதி. விறகுத் தீயின் குணம் வேறு; விரைந்து பற்றும், விரைந்து தீரும், பெட்டியை ஓயாது நிரப்ப வேண்டும், புகைபோக்கி வழியே பொறி பறக்கும். பாதையோரத்து வைக்கோற்போருக்கும் கூரை வீட்டிற்கும் அது பகை; ஆகவே புகைபோக்கியில் பொறி தடுக்கும் வலை அமைத்தனர். ஆனால் பெரிய இழப்பு பொறியால் நேர்ந்ததன்று. 1856-இல் சென்னை மாகாணத்தின் முதல் வனக் காப்பாளராக அமர்ந்த கிளெகார்ன், இருப்புப்பாதையின் கட்டைகளுக்கும் எரிபொருளுக்கும் காடுகள் கரைவதைக் கண்டு கவலையுற்றவர். 1882-இன் சென்னை வனச் சட்டம் வந்த பின்னணியில் இவ்விறகுப் பசியும் ஒன்று. சட்டம் காட்டைக் காத்ததோ, காட்டில் சுள்ளி பொறுக்கியவரைக் குற்றவாளியாக்கியதோ என்பது தனியே எழுத வேண்டிய செய்தி.

பசிக்கு மற்றொரு தீர்வும் கண்டனர். கடற்கரை மணலில் சவுக்கை நட்டனர். ஆஸ்திரேலியாவும் தென்கிழக்காசியக் கடற்கரைகளும் அம்மரத்தின் தாயகம். 1860-களை ஒட்டிச் சென்னை, செங்கற்பட்டு, நெல்லூர்ப் பகுதிகளில் நகரத்து அடுப்புகளுக்கும் இரயில் எந்திரங்களுக்கும் விறகாக அது பரவிற்று. இன்று பந்தற்காலுக்கும் சாரத்திற்கும் காகித ஆலைக்கும் சவுக்கு வளர்ப்போருள் எத்தனை பேர்க்கு இச்செய்தி தெரியும்? என் பாட்டியின் அடுப்பில் எரிந்த சவுக்கும் இரயில் கொண்டுவந்த உறவே. 1889-இல் சிங்கரேணிச் சுரங்கங்கள் இயங்கத் தொடங்கிய பின் தெற்கத்திய இரயில்களுக்கு அருகிலேயே நிலக்கரி கிடைத்தது. விறகுத் தீ மெல்ல விடைபெற்றது.

உடலுழைப்பின் அளவைச் சிறு கணக்கால் உணரலாம். 1949 முதல் ஓடிய ஒய்.பி. வகை மீட்டர் பாதை எந்திரத்தின் தணற்பரப்பு 28 சதுர அடி. சதுர அடிக்கு மணிக்கு 50 பவுண்டு என்னும் நடுத்தர அளவில் எரித்தாலே மணிக்கு 1,400 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 635 கிலோ கரி வேண்டும். ஒரு வாரலுக்கு ஆறு கிலோ எனக் கொண்டால் மணிக்கு நூறு வாரலுக்கு மேல். ஓடி ஆடும் தளத்தின் மேல், ஆயிரம் பாகை செல்சியசைக் கடந்த தீயின் வாயில் முன், சித்திரை வெயிலில். இதில் கரியை உடைத்து முன்னே தள்ளுவதும், சாம்பல் இறக்குவதும் அடங்கா.

இவ்வுழைப்பிற்குரிய பங்கு எளிதில் கிட்டவில்லை. ஆங்கிலேயர் ஆட்சியில் மெயில் வண்டிகளின் டிரைவர் இடம் நெடுங்காலம் ஐரோப்பியர்க்கும் ஆங்கிலோ இந்தியர்க்குமே உரியதாக இருந்தது; தீயை முழுதறிந்த நம்மவர் தீயோடே நின்றனர். 1928-இல் தென்னிந்திய இரயில்வேத் தொழிலாளர் நடத்திய பெரும் வேலைநிறுத்தத்தில் சிங்காரவேலர் சிறை சென்றதைத் தமிழக அரசியல் வரலாறு அறியும். விடுதலைக்குப் பின்னும் ஓட்டுநர் பிரிவினரின் முதன்மையான குறை, பணி நேரத்திற்கு எல்லை இன்மையே. வண்டி தாமதித்தால் அவர்தம் நாள் நீளும். தீயை நடுவழியில் விட்டுவிட்டு வீடு திரும்ப இயலாது. 1973 ஆகஸ்டில் நாடெங்கும் அவர்கள் வேலை நிறுத்தியபோது எழுந்த முழக்கம் பத்து மணி நேரப் பணி என்பதே. மறு ஆண்டு மே மாதம் நடந்த அனைத்திந்திய இரயில் வேலைநிறுத்தம் பெருவெள்ளமாக அதனை மூடிவிட்டது. நூல்கள் 1974-ஐப் பேசும் அளவிற்கு 1973-ஐப் பேசுவதில்லை.

அதற்குள் தீயின் காலமே முடிவை நெருங்கியிருந்தது. சித்தரஞ்சனில் அகலப்பாதைக்கான கடைசி நீராவி எந்திரம் 1970-இலும், மீட்டர் பாதைக்கான கடைசி எந்திரம் 1972-இலும் செய்து முடிக்கப்பட்டன. 1990-களில் எஞ்சியவையும் ஓய்ந்தன. தமிழகத்தில் நீலகிரி மலைப்பாதை ஒன்றே நீராவியை அன்றாடப் பணியில் வைத்துக்கொண்டது. அங்கும் 2002-ஆம் ஆண்டை ஒட்டி எந்திரங்களை எண்ணெயால் எரிக்கும் முறைக்கு மாற்றத் தொடங்கினர். பின்னர்ப் பொன்மலைப் பணிமனையே எண்ணெயில் இயங்கும் புதிய எந்திரங்களைச் செய்து அனுப்பிற்று. எண்ணெய்த் தீயிலும் புகையின் நிறம் பார்க்கத்தான் வேண்டும். ஆனால் ஷவல் இல்லை, விதைப்பு இல்லை. தொழிலுக்குரிய சொற்களும் போயின. ஷெட்டில் வழங்கியவை பெரும்பாலும் தமிழ் நாவில் தேய்ந்த ஆங்கிலச் சொற்களே. தமிழ்த் துறையினர் கொல்லன் உலைக்கும் துருத்திக்கும் உரை எழுதிய அக்கறையில் ஒரு பகுதியை, விழுப்புரத்திலும் மதுரையிலும் கனன்ற இவ்வுலைகளுக்குச் செலவிட்டிருக்கலாம். என்னையும் சேர்த்தே இதைச் சொல்கிறேன். பாட்டனார் இருந்த காலத்தில் நான் முனைவர் பட்டத்திற்குக் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தேன். அவர் பேச்சைக் குறித்துக்கொள்ளவில்லை.

நீலகிரியில் கரி எரிந்த கடைசி ஆண்டுகளில் ஒரு முறை குடும்பத்தோடு குன்னூர் சென்றிருந்தோம். மேட்டுப்பாளையத்திலிருந்து மலையேறி வந்த வண்டி வளைவில் திரும்பி நிலையத்திற்குள் நுழைந்தது. சிறுவர் சன்னல்களுக்குக் கையசைத்தனர். பாட்டனார் வண்டியைப் பார்க்கவில்லை. கையை நெற்றியில் வைத்துப் புகைபோக்கிக்கு மேலே உள்ள வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே மெல்லிய சாம்பல் நிறம் எழுந்து கற்பூர மரங்களுக்கிடையே கலைந்துகொண்டிருந்தது. வண்டி நின்றதும் என் பக்கம் திரும்பி, "கை தெரிஞ்ச பையன்" என்றார். பிறகு எந்திரத்தின் அருகே சென்று, கரி படிந்த உடையோடு இறங்கிவந்த அந்த இளைஞரிடம் தன்னை அறிமுகம் செய்துகொண்டார். இருவரும் பேசி முடிக்கும் வரை நாங்கள் மேடையில் காத்திருந்தோம்.